“ஒத்தையாவா போறே?” - வெளிநாட்டில் தனியாக அலைச்சறுக்கு கற்க விரும்பும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேனி மாவட்டம் சின்னமனூரில் கடல் கிடையாது. முல்லைப் பெரியாறு உண்டு, வாய்க்கால் உண்டு, வயலும் வாழைத் தோப்பும் உண்டு. அந்த ஊரில் ஒரு பெண், “லீவுக்கு இலங்கை போய் சர்ஃபிங் கத்துக்கப் போறேன்” என்று வீட்டில் சொன்னால் அடுத்த நொடியே வரும் கேள்வி எது என்று எல்லோருக்கும் தெரியும். “ஒத்தையாவா போறே? தொணைக்கு யாரு வர்றா?”

அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது. ஆனால் அலைச்சறுக்கைப் பொறுத்தவரை அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. “நீச்சல் தெரியுமா?” என்பது ஒன்று. “தண்ணிக்குள்ள உன் பக்கத்துல யாரு இருப்பா?” என்பது இன்னொன்று.

பயணத்தைத் தனியாகச் செய்யலாம். கடலில் தனியாக இறங்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வீட்டில் இருக்கும் பயத்தில் பாதி குறையும். மீதிப் பாதிக்கு என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும்.

சட்டம் என்ன சொல்கிறது, எங்கே போகலாம், எப்போது போகலாம், கடலில் உண்மையான ஆபத்து எது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மிக அருகில் இருக்கும் வெளிநாட்டு அலை எது?

சர்ஃபிங் என்றதும் பலருக்கு பாலி, ஹவாய், ஆஸ்திரேலியா என்றுதான் நினைவுக்கு வரும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு எளிதில் எட்டக்கூடியது இலங்கைதான்.

சின்னமனூரில் இருந்து மதுரை சுமார் 100 கி.மீ. மதுரை விமான நிலையத்தில் இருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. வானில் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். சின்னமனூரில் இருந்து பஸ்ஸில் மதுரை போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும்.

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டம் பொத்துவிலை ஒட்டி இருக்கிறது அறுகம்பை. அறுகம் குடா என்றும் சொல்வார்கள். உலகம் முழுவதும் இருந்து அலைச்சறுக்கு வீரர்கள் வரும் ஊர் இது. உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி 2019ஆம் ஆண்டு இங்கே நடந்தது.

தமிழ்ப் பெண்களுக்கு இந்த ஊரில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. பொத்துவில் பகுதியில் தமிழ் பேசுவோர்தான் அதிகம். முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள் என மூன்று சமூகங்களும் அங்கே வாழ்கின்றன. ஆட்டோக்காரரிடமும் மருந்துக் கடையிலும் பொலிஸ் நிலையத்திலும் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். தனியாகப் போகும் ஒருவருக்கு இது பெரிய பலம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஐரோப்பாவில் இருந்து வரும் பெண்ணிடம் யாரும் கேட்காத கேள்விகளை, தமிழ் பேசும் பெண்ணிடம் உரிமையோடு கேட்பார்கள். “எந்த ஊரு? கல்யாணம் ஆயிட்டா? வீட்டுக்காரர் வரலயா?” பெரும்பாலும் இது வெறும் விசாரிப்புதான். ஆனால் தங்கும் இடத்தின் பெயரையும், தனியாகத்தான் வந்திருக்கிறோம் என்பதையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. “ஃப்ரெண்ட்ஸ் ரூம்ல இருக்காங்க” என்ற ஒரு வரி போதும்.

எந்த மாதம் போக வேண்டும்?

இதற்கான விடை கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காற்றில் இருக்கிறது. அது தென்மேற்குப் பருவக்காற்று.

ஜூன் மாதம் அந்தக் காற்று கேரளத்து மலைகளில் மழையாகக் கொட்டும். முல்லைப் பெரியாறு அணைக்குத் தண்ணீர் வரும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் முதல் போக வேலைகள் தொடங்கும்.

அதே பருவக்காற்று இலங்கையின் தென்மேற்குப் பகுதியிலும் மத்திய மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாகக் கிழக்குக் கரைக்கு வந்து சேரும். அங்கே அது நிலத்தில் இருந்து கடலை நோக்கி வீசும். எதிர்க்காற்று முகத்தில் படும்போது அலை சட்டென்று உடையாமல், ஒழுங்காக நிமிர்ந்து நிற்கும். அலைச்சறுக்குக்கு வேண்டியது இதுதான். அலையோ எங்கோ தொலைவில், தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடிக்கும் புயல்களில் பிறந்து வருவது.

அதனால் அறுகம்பைக்கு ஏப்ரல் கடைசி அல்லது மே தொடங்கி அக்டோபர் வரை சீசன். சுருக்கமாகச் சொன்னால், பள்ளத்தாக்கில் முதல் போகம் நடக்கும் மாதங்கள் அறுகம்பைக்கும் உகந்த மாதங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் இலங்கையின் தெற்குக் கரையைத் தேர்வு செய்யலாம். வெலிகம, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ போன்ற ஊர்கள் அப்போது அமைதியாக இருக்கும். இதில் வெலிகம புதிதாகக் கற்பவர்களுக்குப் பெயர் பெற்ற இடம். அடியில் மணல், அலையும் மென்மையானது. கொழும்பில் இருந்து அதிவேக நெடுஞ்சாலையில் சில மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அங்கே சிங்களம்தான் அதிகம் பேசுவார்கள்.

அந்த ஊர்ப் பெண்களே கடலில் இறங்கியது எப்போது?

அறுகம்பை பல பத்தாண்டுகளாக வெளிநாட்டு அலைச்சறுக்கு வீரர்களின் ஊர். உள்ளூர் ஆண்களும் நெடுங்காலமாகப் பலகை ஏறி விளையாடி வந்தார்கள். ஆனால் உள்ளூர்ப் பெண்கள் கரையில்தான் நின்றார்கள். வெயிலில் நின்றால் கறுத்துவிடுவாய், கடல் பெண்களுக்கான இடம் இல்லை, வீட்டு வேலையை யார் பார்ப்பது? சின்னமனூரில் கேட்கும் அதே பேச்சுதான் அங்கேயும்.

2018ஆம் ஆண்டு ‘அறுகம்பை கேர்ள்ஸ் சர்ஃப் கிளப்’ தொடங்கப்பட்டது. இலங்கையின் முதல் பெண்கள் அலைச்சறுக்குக் குழு இது. இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் உள்ளூரைச் சேர்ந்த ஷமலி சஞ்சயா. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருந்து வந்து அங்கே குடியேறிய டிஃபனி கரோதர்ஸ் இதற்குத் துணை நின்றார்.

இந்தியாவிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. மும்பையில் வளர்ந்து, மணிபாலில் படிக்க வந்த இஷிதா மால்வியா 2007ஆம் ஆண்டு அலைச்சறுக்கு கற்றார். இந்தியாவின் முதல் தொழில்முறை பெண் அலைச்சறுக்கு வீராங்கனை என்று அறியப்படுபவர் அவர். கர்நாடகத்தின் கோடி பெங்ரேயில் ‘ஷாகா சர்ஃப் கிளப்’பை நடத்தி வருகிறார்.

தமிழ்நாட்டில் மாமல்லபுரத்தைச் சேர்ந்த கமலி மூர்த்தி சிறுமியாக இருந்தபோதே ஸ்கேட்போர்டிலும் அலைப்பலகையிலும் ஏறியவர். அவரைப் பற்றிய ‘கமலி’ ஆவணக் குறும்படம் 2020ஆம் ஆண்டு பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் தேசிய அளவிலான அலைச்சறுக்குப் போட்டிகளில் அவர் பட்டம் வென்றார். 2025 ஆகஸ்ட் மாதம் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது.

ஆக, பெண் கடலில் இறங்குவது இனி புதுமை இல்லை. கடலே இல்லாத ஊரில் இருந்து, தனியாகக் கிளம்பிப் போவதுதான் இன்னும் புதிதாகத் தெரிகிறது.

வீட்டில் அனுமதி வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

18 வயது நிரம்பிய பெண் பாஸ்போர்ட் எடுக்கவோ வெளிநாடு போகவோ அப்பா, கணவர், அண்ணன் என யாருடைய எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவையில்லை.

2016 டிசம்பரில் மத்திய அரசு பாஸ்போர்ட் விதிகளை எளிமையாக்கியது. அதன்படி திருமணச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோரில் ஒருவரின் பெயர் இருந்தால் போதும். விவாகரத்து ஆனவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் கணவர் பெயரைத் தர வேண்டியதில்லை.

வெளிநாடு செல்லும் உரிமை பற்றிய மிக முக்கியமான தீர்ப்பும் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் வழக்கில்தான் வந்தது. 1977ஆம் ஆண்டு மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, வெளிநாடு செல்வது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றும், நியாயமான நடைமுறை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றும் சொன்னது.

தேனி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். போலீஸ் விசாரணை வீட்டு முகவரியில் நடக்கும். வீட்டுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தால், விசாரிக்க வருபவர் மூலமாகத்தான் வீட்டுக்குச் செய்தி போகும். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இலங்கைக்குப் போக மின்னணு பயண அனுமதி, விசா விதிகள் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் இந்தியர்களுக்கான கட்டணமும் விதியும் பலமுறை மாறியிருக்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன் இலங்கை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் போலி இணையதளங்கள் பணம் பிடுங்குவதும் நடக்கிறது. பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் செல்லுபடிக் காலம் மீதி இருக்கட்டும். திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும்.

கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

பள்ளத்தாக்கில் பல பெண்களுக்குச் சின்ன வயதில் நீச்சல் தெரியும். தோட்டத்துக் கிணற்றில் அப்பாவோ மாமாவோ இடுப்பில் கயிறு கட்டி இறக்கி விட்டிருப்பார்கள். வயசுக்கு வந்ததும் அது நின்றிருக்கும். பத்துப் பதினைந்து வருடம் தண்ணீரில் இறங்காத ஒருவர், “எனக்கு நீச்சல் தெரியும்” என்று நம்பிக் கடலுக்குப் போவதுதான் இந்தப் பயணத்திலேயே பெரிய ஆபத்து.

கிணற்றுத் தண்ணீர் அசையாது. ஆற்றுத் தண்ணீர் ஒரே திசையில் போகும். கடல் இழுக்கும், தள்ளும், மேலிருந்து அடிக்கும். அதனால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நீச்சல் குளத்தில் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், கை கால் அடிக்காமல் சில நிமிடம் மல்லாந்து மிதக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். இதில் மிதப்பதுதான் முக்கியம். பதற்றம் வரும்போது உயிரைக் காப்பது அதுதான்.

நீச்சலே தெரியாதவர்களுக்கும் சில பயிற்சிப் பள்ளிகள் இடுப்பளவுத் தண்ணீரில் சொல்லித் தருவது உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கடலில், தனியாக வந்த இடத்தில், அந்த ரிஸ்க் வேண்டாம்.

முதல் அலை உள்ளூரிலேயே

வெளிநாடு போய்த்தான் பலகையைத் தொட வேண்டும் என்று இல்லை. சின்னமனூரில் இருந்து கம்பம், குமுளி வழியாக மலையைத் தாண்டினால் கேரளக் கடற்கரை. வர்க்கலாவில் அலைச்சறுக்குப் பள்ளிகள் இருக்கின்றன. 2024 மார்ச்சில் அங்கே சர்வதேச சர்ஃபிங் திருவிழாவே நடந்தது.

தமிழ்நாட்டுப் பக்கம் சென்னையை அடுத்த கோவளம் இருக்கிறது. மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் 2012ஆம் ஆண்டு அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். இன்று கோவளமும் மாமல்லபுரமும் தமிழ்நாட்டு அலைச்சறுக்கின் மையங்கள்.

ஒரு வார இறுதியில் இரண்டு மூன்று வகுப்புகள் எடுத்துப் பாருங்கள். பிடித்திருக்கிறதா, உடம்பு ஒத்துழைக்கிறதா, பயம் எந்த இடத்தில் வருகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கடலில் என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்த்த அம்மாவுக்கு, போனில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

கடலில் எது உண்மையான ஆபத்து?

கரையில் நிற்பவர்களுக்குப் பெரிய அலைதான் பயமாகத் தெரியும். அனுபவசாலிகள் அஞ்சுவது ‘ரிப் கரண்ட்’ எனப்படும் இழுவை நீரோட்டத்தை. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் ஒரு குறுகிய பாதையில் வேகமாகக் கடலுக்குத் திரும்புவதுதான் இது.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், அந்த இடம் பார்க்க அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருமையாக, நுரை கடல் பக்கமாகப் போவது போலத் தெரியும். புதியவர்கள் “இங்க அலை இல்லையே” என்று அங்கேதான் இறங்குவார்கள்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?

* கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. ஆற்றிலும் கிணற்றிலும் பழகியவர்களுக்கு உடனே கரைக்குப் போகத்தான் தோன்றும். ரிப்பில் அது உடம்பைச் சோர்வாக்கி மூழ்கடிக்கும்.

* பலகையை விடாதீர்கள். அது மிதவை. காலில் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

* மிதந்தபடி ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.

* இழுப்பு குறைந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரை சேருங்கள்.

ரிப் கரண்ட் ஆளைக் கீழே இழுக்காது, வெளியே இழுக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தாலே பதற்றம் பாதி குறையும்.

அடுத்த ஆபத்து பலகை. அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கக் கூடாது. அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். விழும்போது தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொள்ள வேண்டும். ஆழம் தெரியாது என்பதால் தலைகீழாகப் பாயாமல், பரப்பி விழ வேண்டும். கற்பவர்களுக்கு மென்மையான ஃபோம் பலகைதான் சரி.

மூன்றாவது, இடத் தேர்வு. அறுகம்பையில் ‘மெயின் பாயின்ட்’ என்ற இடம்தான் புகழ் பெற்றது. ஆனால் அடியில் பாறை. தேர்ந்தவர்கள் கூட்டமும் அதிகம். கற்பவர்கள் ‘பேபி பாயின்ட்’, ‘விஸ்கி பாயின்ட்’ போன்ற இடங்களில் பயிற்சியாளரோடு தொடங்குவதே வழக்கம். ஏற்கெனவே ஒருவர் ஏறிவிட்ட அலையில் குறுக்கே புகுவது எந்த ஊரிலும் தவறு.

எவ்வளவு பழகினாலும் ஒரு விதி மட்டும் மாறாது. கடலில் வேறு யாருமே இல்லாத நேரத்தில் இறங்கக் கூடாது. விடியற்காலையில் தனியாக ஒரு ரவுண்டு என்பது இன்ஸ்டாகிராமில் அழகாக இருக்கும். கால் பிடித்துக்கொண்டால் உதவிக்கு ஆள் இருக்காது.

தனியாகத் தங்குவது பாதுகாப்பானதா?

முழுக்கப் பாதுகாப்பு என்று எந்த ஊரையும் சொல்ல முடியாது. ரிஸ்க்கைக் குறைக்க முடியும்.

முதலில் வந்து சேரும் நேரம். கொழும்பு விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. அங்கிருந்து அறுகம்பை 300 கி.மீ.க்கும் மேல். சாலையில் 7 மணி நேரத்துக்குக் குறையாது. இறங்கிய கையோடு ராத்திரியில் கிளம்ப வேண்டாம். விமான நிலையத்தை ஒட்டிய நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கி, காலையில் புறப்பட்டால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம்.

அடுத்து தங்கும் இடம். தனியாக வந்த பெண்கள் எழுதிய கருத்துகளைத் தேடிப் படியுங்கள். அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் உண்டா, பெண்கள் மட்டும் தங்கும் அறை உண்டா, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று முன்பே கேளுங்கள். குடும்பம் நடத்தும் விடுதியும், பயிற்சியோடு சேர்ந்த சர்ஃப் கேம்ப்பும் புதியவர்களுக்கு வசதி. சாப்பாட்டு மேசையிலேயே நாளைக்குக் கடலில் கூட இருக்கப் போகிறவர்கள் பழக்கமாகிவிடுவார்கள்.

பயிற்சியாளர் நிற்க வைக்கும்போது கையையோ தோளையோ பிடிப்பது இயல்பு. அதைத் தாண்டிய தொடுதல் பயிற்சியின் பகுதி இல்லை. உறுத்தினால் அந்த வகுப்பை நிறுத்திவிட்டு வெளியே வரலாம். காசு போனால் போகட்டும். மாலையில் பார்ட்டிக்கு அழைத்தால் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். குடித்துவிட்டுக் கடலில் இறங்குவதுதான் கூடவே கூடாது.

இருக்கும் இடத்தை உடனுக்குடன் சமூக வலைதளத்தில் பகிராமல், அங்கிருந்து கிளம்பிய பிறகு படங்களைப் போடுங்கள். வீட்டுக்கு மட்டும் லைவ் லொகேஷன் போதும்.

நாட்டு நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 23 அன்று அறுகம்பைக்குச் செல்ல வேண்டாம் என்று இலங்கையில் உள்ள அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை எச்சரித்தது. சுற்றுலாப் பயணிகள் மீது தாக்குதல் நடக்கலாம் என்ற தகவலே காரணம். அதன்பின் அங்கே பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது, சிலர் கைது செய்யப்பட்டார்கள். எனவே கிளம்பும் வாரத்தில் இந்திய வெளியுறவுத் துறையின் அறிவுறுத்தல்களை ஒருமுறை பாருங்கள். மழை, வெள்ளம், புயல் எச்சரிக்கையும் அப்படித்தான்.

இலங்கையில் குறித்து வைக்க வேண்டிய எண்கள்:

* பொலிஸ் - 119
* ஆம்புலன்ஸ் - 1990 (இந்தியாவின் நிதியுதவியோடு 2016இல் தொடங்கப்பட்ட ‘சுவசெரிய’ சேவை)
* பெண்கள் உதவி எண் - 1938
* சுற்றுலாப் பயணிகள் உதவி - 1912

பாஸ்போர்ட் தொலைந்தாலோ, வேறு பெரிய சிக்கல் வந்தாலோ கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். பாஸ்போர்ட் நகல் ஒன்று பையிலும், ஒன்று வீட்டிலும், ஒன்று மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

உடை, மாதவிடாய்: கேட்கத் தயங்கும் கேள்விகள்

சர்ஃபிங் என்றால் பிகினிதான் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். அது தேவையே இல்லை. உடம்பை ஒட்டிய முழுக்கை ‘ரேஷ் கார்ட்’ மேலாடையும் நீச்சலுக்கான லெக்கிங்ஸும்தான் உண்மையில் வசதி. பலகையில் வயிறும் முழங்காலும் உரசிப் புண்ணாகாது, வெயிலும் தாக்காது. சுடிதார், துப்பட்டா, தொளதொள டீ-ஷர்ட் வேண்டாம். தண்ணீர் ஏறினால் கனத்து இழுக்கும், கயிற்றில் சிக்கும். கடற்கரையைத் தாண்டி ஊருக்குள் போகும்போது மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கத்துக்குத் தரும் மரியாதை.

மாதவிடாய் நாட்களில் கடலில் இறங்கலாமா? இறங்கலாம். நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், அதனால் பயன்படாது. மென்ஸ்ட்ருவல் கப் அல்லது டாம்பன் சரியாக இருக்கும். இதற்கு முன் பயன்படுத்தாதவர்கள் வீட்டிலேயே ஓரிரு மாதம் பழகிக்கொண்டு போவது நல்லது. வலி அதிகமாக இருந்தால் அன்றைக்கு ஓய்வெடுங்கள். அலை நாளைக்கும் வரும்.

பணமும் காப்பீடும்

ஏடிஎம், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி அதை நாமே வங்கிச் செயலியில் ‘ஆன்’ செய்ய வேண்டும். ஊரிலேயே அதைச் செய்துவிடுங்கள். இலங்கையில் யுபிஐ 2024 பிப்ரவரியில் அறிமுகமானது. ஆனால் எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது. கையில் ரொக்கமும் இருக்கட்டும், ஒரே பையில் எல்லாவற்றையும் வைக்க வேண்டாம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். பல பாலிசிகளில் ‘சாகச விளையாட்டு’ சேராது. சர்ஃபிங்கில் ஏற்படும் காயத்துக்குப் பணம் வருமா என்று கேட்டு, எழுத்தில் இருப்பதைப் படித்த பிறகு எடுங்கள். இந்தப் பயணத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாத செலவு இதுதான்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

தனியாகப் போவது வேறு, யாருக்கும் தெரியாமல் போவது வேறு. முதலாவது சுதந்திரம். இரண்டாவதில், ஏதாவது ஆனால் தேடக்கூட ஆள் இருக்காது.

“நான் போறேன், அவ்வளவுதான்” என்று சொல்வதைவிட ஒரு தாளை நீட்டுவது நன்றாக வேலை செய்யும். விமான எண், தங்கும் இடத்தின் பெயர், போன் நம்பர், பயிற்சிப் பள்ளியின் பெயர், தினமும் எத்தனை மணிக்குக் கூப்பிடுவேன், எத்தனை மணிக்குள் கூப்பிடவில்லை என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். வீடியோ காலில் விடுதிக்காரரைப் பேச வைத்தால் அவரும் தமிழிலேயே பதில் சொல்லக்கூடும்.

எல்லா வீட்டிலும் இது பலிக்காது. சில வீடுகளில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே பேச்சு நின்றுவிடும். அங்கே வர்க்கலாவில் ஒரு வார இறுதி, பிறகு கோவளம், பிறகு தோழியோடு ஒரு இலங்கைப் பயணம் என்று படிப்படியாகப் போவதிலும் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்த முறை “ஒத்தையாவா போறே?” என்று கேட்டால் பதில் இப்படி இருக்கலாம். “பிளைட்டுல ஒத்தையா போறேன். கடல்ல ஆளோடதான் இறங்குவேன். நீச்சல் கத்துக்கிட்டேன். நம்பர் எல்லாம் காலண்டர் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கேன்.”